மொழிப் பட்டினி: காது கேளாத குழந்தைக்கு முதலில் என்ன வேண்டும்?

கண்ணாடியின் முன் நின்று, குரல் எழுப்பாமல், "அம்மா" என்று ஒருமுறையும் "அப்பா" என்று ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடுகள் ஒரே விதமாகத் திறந்து, மூடி, மீண்டும் திறக்கும். மகர ஒலிக்கு மூச்சு மூக்கின் வழியே போகிறது, பகர ஒலிக்குப் போவதில்லை. அந்த மூச்சின் வழி எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பணமும் மணமும், படியும் மடியும், மாமாவும் பாப்பாவும் அப்படித்தான். ககரம் தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் அதற்குத் தடயமே இல்லை. லகர, ளகர, ழகர வேறுபாடுகள் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. உதட்டசைவைப் படிக்கப் பழக்கினால் போதும், காது கேளாத குழந்தை மொழியைக் கற்றுக்கொண்டுவிடும் என்று நம்புகிற பெற்றோரிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இந்தக் கண்ணாடிச் சோதனையைத்தான். முன்பே மொழி தெரிந்த ஒருவர், பாதியைப் பார்த்தும் மீதியை இடம் பொருள் கொண்டு ஊகித்தும் உதட்டைப் படிக்கலாம். மொழியே தெரியாத குழந்தை எதைக் கொண்டு ஊகிக்கும்?

நான் மும்பையில் தாராவி 90 அடி சாலைக்கு அருகில் வளர்ந்தவன். வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆறாம் வயதில் வந்த மூளைக்காய்ச்சல் என் இரண்டு காதுகளின் கேட்கும் திறனையும் எடுத்துச் சென்றது. இப்போது ஓர் அச்சகத்தில் தமிழ் மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் என் சித்தி மகள் தன் பதினான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் உறையில், ஒலிக்குக் கேட்டல் நரம்பும் மூளையும் தரும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையின் அறிக்கை இருந்தது. இரண்டு காதுகளிலும் மிகக் கடுமையான கேளாமை என்று அதில் எழுதியிருந்தது. அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேச்சுப் பயிற்சி தருபவரோ, "கையைக் காட்டிப் பேசாதீர்கள், பழகினால் வாயைத் திறக்கமாட்டான்" என்று எச்சரித்திருந்தார். அவள் தன் போனில் தட்டச்சு செய்து என்னிடம் காட்டிய முதல் கேள்வி, "இவன் பேசுவானா அண்ணா?" என்பதுதான்.

அவளுக்கு அன்று மாலை முழுவதும் எழுதிக் காட்டியதையும், பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் அவளுக்கு விளக்கிய கருத்தை மொழிப் பட்டினி என்று சொல்லலாம். பேச்சு வேறு, மொழி வேறு என்பதைப் புரிந்துகொண்டால் அது விளங்கிவிடும். மொழி என்பது மனத்துக்குள் இருக்கும் ஓர் ஒழுங்கு: பொருள்களுக்குப் பெயர் இருப்பது, நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் சொல்ல முடிவது, "ஏன்" என்று கேட்க முடிவது, இல்லாததைப் பற்றிப் பேச முடிவது. பேச்சு, எழுத்து, சைகை ஆகியவை அந்த ஒழுங்கு வெளியே வரும் வாசல்கள். குழந்தையின் மூளை பிறந்தது முதல் ஏறத்தாழ ஐந்து வயது வரை மொழியை மிக எளிதாக உள்வாங்குகிறது. எந்த வாசல் வழியாக வந்தாலும் வாங்கிக்கொள்கிறது. கைகளால் பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் அதே மாதங்களில் கைகளால் மழலை பேசுகிறார்கள் என்று 1991இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் எந்த வாசலும் திறக்காமல் அந்த ஆண்டுகள் கழிந்துவிட்டால், குழந்தைக்குச் சோறும் அன்பும் துணியும் குறைவின்றிக் கிடைத்தபோதிலும், மொழி மட்டும் கிடைக்காமல் போகிறது. அப்படிப் பட்டினி கிடந்த மனம் பின்னர் எவ்வளவு உழைத்தாலும், இலக்கணத்தின் நுட்பங்களைப் பிடிப்பதும் காலத்தையும் காரணத்தையும் கோத்துச் சொல்வதும் கடினமாகவே இருக்கின்றன.

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெற்றோர் காது கேட்பவர்கள். இந்தப் பட்டினி வறுமையாலோ அலட்சியத்தாலோ மட்டும் வருவதில்லை என்பதற்கு இதுவே காரணம். வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு குழந்தையை எட்டும் வடிவத்தில் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்டல் குறையுடையோர் என்று பதிவு செய்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் முதுமையால் கேட்கும் திறன் குறைந்தவர்களும் உண்டு. பிறவியிலேயே கேளாதவர்களின் நிலை அவர்களுடைய நிலையிலிருந்து முற்றிலும் வேறானது.

அந்த வேறுபாட்டை என் வீட்டுக்குள்ளேயே நான் அறிவேன். ஆறு வயதுக்குள் எனக்குத் தமிழ் வந்துவிட்டிருந்தது. காது போன பிறகும் ஆச்சி சொன்ன கதைகளின் வாக்கியங்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கடையில் பலகாரம் சுற்றித் தந்த தாள்களைக்கூடப் படித்து என்னால் புதிய சொற்களைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. என் மனைவி சயான் கோலிவாடாவில் ஒரு சேலத்துக் குடும்பத்தில் காது கேளாமல் பிறந்தவள். ஒன்பதாம் வயதில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் சேரும் வரை அவளுக்கு எந்த மொழியும் கிடையாது. வா, போ, சாப்பிடு, அடிப்பேன் என்பவற்றுக்கு வீட்டில் சில கையசைவுகள் இருந்தன, அவ்வளவுதான். அந்தப் பள்ளியின் வகுப்பறையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வார்களாம். இரவில் விடுதித் தாழ்வாரத்தில் பெரிய மாணவிகளிடமிருந்துதான் அவள் சைகை மொழியைக் கற்றாள். தன் அம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு என்பது அங்கேதான் தெரிந்தது என்று அவள் ஒருநாள் சொன்னபோது, நான் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. அவளுடைய தாத்தா இறந்ததும் அதற்குப் பின்னரே தெரிந்தது. அவர் ஊருக்குப் போயிருக்கிறார், ஒருநாள் திரும்புவார் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்திருக்கிறாள். யாரும் அவளிடமிருந்து மறைக்கவில்லை. மரணம் என்பதைச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு சொல் இல்லை.

சைகை மொழி என்றதும், பேச்சில்லாதவர்கள் பிழைப்புக்காகச் செய்யும் கையாட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1960இல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், தம் நாட்டின் சைகை மொழியில் ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், இடம், அசைவு என்ற சிறு கூறுகளால் ஆனது என்று எழுதினார். எழுத்தொலிகள் சேர்ந்து சொல்லாவதைப் போலவே அது அமைந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் உலகின் பல சைகை மொழிகளுக்கும், நம் இந்தியச் சைகை மொழிக்கும், தனித்தனி இலக்கணம் உண்டு என்று காட்டின. இந்தியச் சைகை மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். இல்லை என்னும் எதிர்மறையும் இறுதியில்தான். தமிழில் "உன் பெயர் என்ன" என்று முடிப்பவர்களுக்கும் "வரவில்லை" என்று முடிப்பவர்களுக்கும் இது அந்நியமாக இருக்காது. "நான் உனக்குக் கொடுத்தேன்", "நீ எனக்குக் கொடுத்தாய்" என்ற இரண்டுக்கும் ஒரே சைகைதான். கை யாரிடமிருந்து யாரை நோக்கி நகர்கிறது என்பது வேற்றுமை உருபின் வேலையைச் செய்துவிடும். நாம் சொல்லின் கடைசியில் ஒட்டுவதை அவர்கள் காற்றில் ஓர் இடத்தில் வைக்கிறார்கள். புருவம் உயர்வது முகபாவம் மட்டுமன்று. ஒரு வாக்கியத்தை வினாவாகவோ நிபந்தனையாகவோ மாற்றும் இலக்கணக் குறியும் அதுவே. நிகராகுவாவில், 1970களின் பிற்பகுதி முதல் காது கேளாத குழந்தைகள் முதன்முறையாக ஒரே பள்ளியில் திரண்டபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே ஒரு புதிய சைகை மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். மனிதருக்கு மொழி எவ்வளவு அடிப்படையான தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அப்படியானால் சைகையைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரை எங்கிருந்து வந்தது? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வி குறித்து ஒரு சர்வதேச மாநாடு கூடியது. அங்கே கூடிய 160க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே. சைகையைவிட வாய்ப்பேச்சே மேலானது, பள்ளிகளில் அதையே பயன்படுத்த வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்தது. அதே பத்தாண்டில்தான் இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளி இதே பம்பாயில் தொடங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் கைகள் கட்டப்பட்டதற்குப் பின்னால் மிலானின் நிழல் நீண்டு கிடந்தது. அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பு 2010இல் வான்கூவரில் கூடியபோதுதான், மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போய்விட்டன.

இனி காக்ளியர் இம்பிளாண்ட். இதைப் பற்றி எங்கள் நண்பர்களிடையே கடுமையான வாதங்கள் நடக்கும். மும்பை உள்ளூர் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி எங்களுக்கு ஒரு சபை மாதிரி. பத்தொன்பதாம் வயதில் நான் சைகை மொழியைக் கற்றதும் அந்தப் பெட்டியில்தான். தாதர் நிலையத்தில் எதிரெதிர் பிளாட்பாரங்களில் நின்றபடி நானும் என் மனைவியும் முதன்முதலில் பேசிக்கொண்டதும் அந்தப் பழக்கத்தால்தான். அந்தச் சபையில், இம்பிளாண்ட் எங்கள் சமூகத்தைக் குறையாகப் பார்க்கும் மனப்பான்மையின் கருவி என்று சிலர் சொல்வார்கள். தன் குழந்தைக்கு வைத்து அது பாடுவதைக் கண்ட தகப்பன் ஒருவர், "என் மகனுக்கு ஒரு கதவைத் திறந்தேன், அதில் என்ன பிழை" என்று கேட்பார். இரு தரப்பையும் நான் மதிக்கிறேன். இந்த வாதம் வெளிப்படையாக நடக்க வேண்டும், பெற்றோர் அதைக் காண வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

கருவியைப் பற்றிய உண்மைகள் இவை. இயல்பான உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000 உண்டு. இம்பிளாண்ட் அவற்றைக் கடந்து, அதிகபட்சம் இருபது சொச்சம் மின்முனைகள் மூலம் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. கிடைப்பது இயற்கையான கேட்டல் அன்று, மூளை பழகிப் பொருள் கொள்ள வேண்டிய ஒரு குறிப்பலை. சீக்கிரம் வைத்து, பல ஆண்டுகள் விடாமல் பயிற்சி தந்தால், பல குழந்தைகள் நன்றாகவே பேசுகிறார்கள். சிலருக்கு அவ்வளவு பலன் கிடைப்பதில்லை. யாருக்கு எந்த அளவு பலிக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. குளிக்கும்போதும் உறங்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றிவிட்டால் குழந்தை மீண்டும் கேளாத குழந்தையே. பாந்திராவில் 1983 முதல் இயங்கும் பேச்சு, கேட்டல் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் வழியாக, ஒன்றிய அரசின் திட்டத்தில் வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுக்கும் இந்தக் கருவி கிடைக்கிறது என்பது நல்ல செய்தி.

ஆகவே தங்கையிடம், "இம்பிளாண்ட் வைப்பதா வேண்டாமா என்பதை நீயும் உன் கணவரும் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்" என்று எழுதினேன். ஆனால் அறுவைக்கும், அதன் பிறகு மூளை ஒலியைப் பழகுவதற்கும் இடையில் ஓடிவிடும் மாதங்களில் குழந்தைக்கு என்ன மொழி என்று கேட்டேன். சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. எங்கள் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். பிறந்தபோது உறவினர் எல்லோரும், அவளிடம் கையால் பேசினால் வாய் வராமலே போய்விடும் என்று அஞ்சினார்கள். ஒன்பதாம் மாதத்தில் அவள் கையை மூடித் திறந்து பால் கேட்டாள். இப்போது பதினோரு வயது. எங்களிடம் கையாலும், ஆச்சியிடம் தமிழிலும், தெருவில் இந்தியிலும், பள்ளியில் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறாள். சைகை பேச்சைத் தின்றுவிடும் என்பவர்கள், தமிழ் இந்தியைத் தின்றுவிடும் என்று சொல்வதில்லையே. மும்பைத் தமிழரைப் போல ஒரு குழந்தையின் தலைக்குள் நான்கு மொழிகள் இடிக்காமல் குடியிருப்பதைத் தினமும் பார்ப்பவர்கள் வேறு யார்?

தங்கை அடுத்துக் கேட்டது வாசிப்பைப் பற்றி. "நீ நன்றாகப் படிக்கிறாயே, இவனுக்கும் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் போதாதா?" இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் காது கேட்கும் குழந்தை வாசிக்கத் தொடங்கும்போது மொழியைக் கற்பதில்லை. ஏற்கெனவே தனக்குத் தெரிந்த மொழிக்கு எழுத்துகளைப் பொருத்துகிறது. ம-ர-ம் என்று கூட்டியதும், தான் நூறுமுறை கேட்ட சொல் காதுக்குள் ஒலிக்கிறது. மொழியில்லாத குழந்தைக்கு அந்த மூன்று எழுத்துகள் பொருளற்ற கோடுகள். ஒரு மரத்தைக் காட்டி அந்தக் கோடுகளைப் பழக்கலாம். "இல்லாவிட்டால்" என்பதை எந்தப் பொருளைக் காட்டிப் பழக்குவது?

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனென்றால் நம் மொழியில் வாக்கியத்தின் உயிர் சொல்லின் வாலில் இருக்கிறது. ஒருமுறை என் மனைவிக்கு அவளுடைய அக்கா, "ஐந்து மணிக்குள் நான் வராவிட்டால் நீ கிளம்பிவிடு" என்று செய்தி அனுப்பியிருந்தார். அவள் "ஐந்து மணி", "நான்", "வர" என்பவற்றைப் பிடித்துக்கொண்டாள். "-ஆவிட்டால்" அவளுக்கு நழுவிவிட்டது. அக்கா வருகிறார் என்று எண்ணி எட்டு மணி வரை காத்திருந்தாள். அன்றிரவு நான் அதை அவள் மொழியில் சொன்னேன்: "ஐந்து மணி, நான் வருவது இல்லை" என்று புருவத்தை உயர்த்தி நிறுத்தி, பிறகு "நீ புறப்படு" என்றேன். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நிபந்தனை என்ற கருத்து அவளிடம் இருந்தது. தமிழ் அதை எங்கே ஒளித்து வைக்கிறது என்பதுதான் தெரியவில்லை. இதோடு, அக்கா வாயால் சொல்வது "வரலேன்னா", எழுதுவது "வராவிட்டால்". உதட்டில் பார்ப்பதும் தாளில் பார்ப்பதும் ஒத்துப்போவதில்லை. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தை மற்றவர்கள் கேட்டுக் கேட்டே கடந்துவிடுகிறார்கள். கேளாதவர் கையைப் பிடித்து நடத்தப்பட வேண்டும்.

அதன்பின் நாங்கள் இரவுகளில் செய்தித்தாளின் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டோம். முதலில் செய்தி முழுவதையும் சைகையில் பேசி முடிப்போம். பிறகு வாக்கியத்துக்குள் இறங்கி "-ஆல்", "-ஆமல்", "-உம்" ஆகியவற்றை நான் பென்சிலால் வட்டமிடுவேன். என் தொழிலே மெய்ப்புத் திருத்துவது. ஆனால் ஒற்றுப்பிழை பார்க்கும் கண்ணுக்கு, ஓர் உருபு எவ்வளவு பொருளைச் சுமக்கிறது என்று இவளோடு வாசித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு வார இதழின் சிறுகதையைத் துணையின்றிப் படித்து முடித்தாள். கைமொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், சராசரியாகப் பார்த்தால், மற்றக் கேளாத குழந்தைகளைவிட நன்றாக வாசிக்கிறார்கள் என்று ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருவதில் எனக்கு வியப்பில்லை. இன்று கருவிகளும் கூடியிருக்கின்றன: 2015இல் தில்லியில் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொளியாக வெளியிட்டது, பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்றும் பணியும் நடக்கிறது. நாடு முழுவதும் சைகை மொழியை ஒரே தரமாக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. சென்னை நண்பரின் சைகைகள் சிலவும் என்னுடையவையும் வேறுபடும்போது, அந்த வேறுபாடு அழியாமலே பாடநூல் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் கேள் என்றால் செவியால் உணர் என்று பொருள். கேள் என்றால் உறவு என்றும் பொருள், அதனால்தான் உறவினரைக் கேளிர் என்றார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என்னை முன்வரிசைப் பந்தியில் உட்கார வைத்துப் பாசத்தோடு பரிமாறுவார்கள். சித்தி ஏதோ ஒரு கதை சொல்வார். சுற்றி இருப்பவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததில்லை. உலகெங்கும் காது கேளாதவர்கள் தம் குடும்பத்தில் அதிகம் கண்ட வாக்கியம் இதுவாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன். எனக்காவது மொழி இருந்தது, ஒரு புத்தகத்தைத் திறந்துகொண்டேன். வீட்டுப் பேச்சு என்பது வெறும் அரட்டை அன்று. யாருக்குக் கடன், யாருக்கு நோய், பாட்டிக்கும் அத்தைக்கும் ஏன் பேச்சில்லை என்பதையெல்லாம் மற்றக் குழந்தைகள் விளையாடிக்கொண்டே ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். உலகறிவின் பெரும்பகுதி இப்படித்தான் சேர்கிறது. கேளாத குழந்தைக்கு, நேராகத் திரும்பிச் சொன்னால்தான் உண்டு.

அதனால் தங்கையிடம் அம்மா மட்டும் சைகை கற்றால் போதாது, வீட்டில் இரண்டு பேர் தமக்குள் பேசிக்கொள்வதையும் குழந்தை கண்ணால் காண வேண்டும் என்று வலியுறுத்தினேன். மூக்குத்தி இருக்கும் இடத்தை விரலால் தொட்டால் அம்மா, மீசையைக் காட்டினால் அப்பா. உதட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் இங்கே சந்தேகமின்றிப் பிரிந்து நிற்கின்றன. தவறாகச் செய்தாலும் பரவாயில்லை, செய்வதை நிறுத்தக் கூடாது என்று என் மனைவி அவளுக்குச் சொன்னாள். எங்கள் மகள் மொழிபெயர்த்தாள்.

அறுவைக்கான நாள் அடுத்த மாதம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவரையும் அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு; பேரனுக்காகச் சித்தியும் வந்து உட்காருகிறார். அறுபத்திரண்டு வயதில் அவருடைய விரல்கள் சட்டென்று வளைவதில்லை. போன ஞாயிறு தங்கையும் சித்தியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பழக்கத்தால் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்தி என் தோளைத் தட்டித் தம் பக்கம் பார்க்க வைத்து, தமக்குத் தெரிந்த பதினைந்து இருபது சைகைகளையும் கொண்டு அந்தக் கதையை எனக்குச் சொல்ல முயன்றார். மீன்காரம்மா, பூனை, மாடிப்படி வரை புரிந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். முதலிலிருந்து சொன்னார்.